கூடப் போனவள்

செப்டம்பர் 14

இன்று தங்கச்சி பெனியின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். யார் போனாலும் அரை நாள் கூலி போய்விடும். அம்மாதான், "பொன்சீலி, நீயே போய்ட்டு வந்துரு. அவங்க இங்கிலீசுல ஏதாச்சும் சொன்னா எனக்கு என்ன வெளங்கப்போவுது?" என்றாள்.

கீழே கோவைப் பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விண்ணப்பிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போகிறார்களாம். படம் காட்டுவதற்காக மெஷின் எல்லாம் மாட்டினார்கள். கரண்ட் போய்விட்டது. மழை நாளில் வால்பாறையில் கரண்ட் போகும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நஸ்ரின் என்று ஒருவர், எம்.ஏ. படிக்கிறவர், என்னைவிட ஒரு வயது மூத்தவராக இருக்கலாம், எழுந்து வந்து சும்மா பேச ஆரம்பித்தார்.

"நானும் அரசுப் பள்ளிதான். மேலப்பாளையம். எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான்தான். போன வருசம் இந்த மலையிலேர்ந்து எங்களுக்கு ஒரு விண்ணப்பம்கூட வரலை. கெடைக்காம போறது வேற. கேக்கவே கேக்காம இருக்கீங்களே, அது ஏன்?"

பிள்ளைகள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெனி ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டல் இலவசமா, பெண்பிள்ளைகளுக்குத் தனி ஹாஸ்டலா, தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பாடம் புரியுமா என்று நான் கேட்டேன். பெனிக்காகக் கேட்டு வைத்தேன். பேச்சு முடிந்ததும் நஸ்ரின் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க எந்தப் பிரிவு?"

"நான் மாணவி இல்லைங்க. தங்கச்சியோட வந்தேன். கூட வந்தவ."

என் கையைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். தேயிலைக் கொழுந்துக் கறை எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கிலிருந்து போகாது. ஒரு கையேட்டைக் கொடுத்தார்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. மார்க் ஷீட் வாங்க முகக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றோம். அந்த வருடம் யாரும் எங்கள் பள்ளிக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. அடுத்த வருடம் அப்பா இறந்துபோனார். அவர் இடத்தில் எஸ்டேட்டில் என் பேரைச் சேர்த்தார்கள். சரி, அது பழைய கதை.

பிளஸ் டூ முடித்து ஐந்து வருடம் தாண்டாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பெனிக்கு அது தேவையில்லை.

செப்டம்பர் 15

ஞாயிறு. சர்ச். துணி காயவில்லை. கையேட்டை ஒருமுறை படித்தேன்.

செப்டம்பர் 29

வாரம் முழுக்க மழை. அட்டை கடித்த இடத்தில் புகையிலை வைத்தும் ரத்தம் நிற்கவில்லை. அம்மா சரிவில் வழுக்கி விழுந்து முழங்காலில் காயம். பெனிதான் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நர்ஸம்மா ஒருமுறைதான் கட்டிக் காட்டினாராம். இவள் வீட்டில் அதேபோல் மூன்று வேளையும் பிரித்துத் துடைத்து மருந்து வைத்துக் கட்டுகிறாள். அம்மா முகம் சுளிக்கவே இல்லை. பெனிக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது, புத்தகத்தைத்தான் தொடமாட்டேன் என்கிறாள்.

கையேட்டில் இருந்த நம்பரில் நஸ்ரினுக்குப் போன் செய்தேன். பெனிக்கு நான் பார்த்து வைத்திருக்கும் புவியியல் பிரிவில் என்னென்ன பாடம் இருக்கும் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினார். பெனி என்னென்ன படிக்கவேண்டியிருக்கும் என்று தெரிந்தால்தானே அவளிடம் சொல்லமுடியும்.

நவம்பர் 9

இன்று ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து. பக்கத்து நிரையில் ஜார்க்கண்ட்காரப் பெண்கள் பாடிக்கொண்டே பறித்தார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் ஊரை நினைத்துப் பாடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

சாயங்காலம் அம்மா திடீரென்று கேட்டாள்: "பெனி போயிட்டா நீ இருப்பேல்ல?"

"நான் எங்கம்மா போகப்போறேன்?"

"இல்ல, ஜூன்ல எனக்கு வேலைக்கு வயசு முடியுது. அப்புறம் ஒன் பேருலதான் வீடு."

எனக்கு இது புதிதில்லை. பாடியில், எஸ்டேட் கட்டிக்கொடுத்த இந்த வரிசை வீடுகளில், எல்லோருக்கும் இதுதான் வழக்கம். வீட்டில் ஒருவர் பேர் எஸ்டேட்டில் இருந்தால் வீடு உண்டு, இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிடவேண்டும். நான் இருக்கிறேன், அதனால் கவலை இல்லை. பெனி நிம்மதியாகப் போகலாம்.

ஜனவரி 25

பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்காட்ட எங்கள் மலையிலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள். பெனி, "நீ வந்தா நான் வரேன், இல்லாட்டி வேணாம்" என்றாள். போனேன்.

எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நூலகத்தில் யாரும் பேசுவதில்லை. மின்விசிறி சத்தம் மட்டும். நீளமான மேசைகள். ஒரு பெண் புத்தகத்தின் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், யாரும் அவளை எழுப்பவில்லை. பகலில், எல்லோரும் பார்க்க, ஒருத்தி தூங்குகிறாள். அவளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

புவியியல் துறையில் ஒரு பெரிய மேசைமேல் தமிழ்நாட்டை மேடும் பள்ளமுமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். மலைகளைத் தொட்டுப் பார்க்கலாம். நஸ்ரின், "உங்க ஊரு எங்கன்னு காட்டுங்க பாப்போம்" என்றார். பெனி தோளைக் குலுக்கினாள். நான் ஆழியாற்றிலிருந்து விரலை மேலே நகர்த்திக்கொண்டே போனேன். பேர் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரு சின்ன மடிப்பு. அதற்குள் எங்கள் வீடு, சர்ச், காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகை, அப்பாவின் கல்லறை எல்லாம் இருக்கின்றன. விரலை எடுக்க மனம் வரவில்லை.

ஹாஸ்டலையும் காட்டினார்கள். ஒரு அறைக்கு மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை, ஒரு விளக்கு. ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும், மலை தெரியுமா என்று வார்டனம்மாவிடம் கேட்டேன். நல்ல வெயில் நாளில் மேற்கே மங்கலாகத் தெரியும் என்றார்.

திரும்பும்போது வேனில் எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். பெனிக்கு வளைவுகளில் வாந்தி. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. சோறுதான் சுமார்."

ஜனவரி 27

மஸ்டருக்குப் பிந்திவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்.

பிப்ரவரி 16

பெனி இன்று ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினாள். பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சிங் உதவியாளர் படிப்பு. படிக்கும்போதே அங்கேயே வேலையும் பழகலாமாம்.

"எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க. எனக்குக் கை நல்லா வருதாம்."

"படுக்கையைத் துடைக்கவா உன்னைப் படிக்கவைக்கிறோம்?"

"படுக்கையைத் துடைக்க ஆள் வேணும்ல? அம்மா காலைத் துடைக்க ஆள் வேணும்ல?"

அவளுக்குப் பதினேழு வயது. என்ன இழக்கிறோம் என்று தெரியும் வயதா இது? விண்ணப்பம் போட்டாயிற்று, நேர்காணல் ஏப்ரலில் என்று சொல்லி நோட்டீஸை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டேன். அவளும் எடுத்துக்கொண்டாள். பெனி சண்டை போடுகிறவள் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 3

பெனிக்குத் தேர்வு தொடங்கியது. யானை பாடிக்குப் பக்கத்தில் நின்றதால் எஸ்டேட் ஜீப்பில் அனுப்பினார்கள்.

ஏப்ரல் 12

பல்கலைக்கழகத்தில் பெனியின் நேர்காணல்.

என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்கு வந்தவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தோம். பெனிக்குத் தலைவாரி, பொட்டைச் சரிசெய்து, "ஏன் புவியியல்னு கேட்டா என்ன சொல்லணும்?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன். நான் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள். உள்ளே போனாள். போன வேகத்தில் வந்துவிட்டாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"ம்."

"என்ன கேட்டாங்க?"

அவள் தண்ணீர் பாட்டிலை மூடிப் பையில் வைத்தாள். சற்று நேரத்தில் நஸ்ரின் வெளியே வந்தார். அவர் முகத்தில் சிரிப்பா, சங்கடமா என்று தெரியவில்லை.

"பொன்சீலி, ஒரு நிமிசம் வாங்க. புவியியல் ஏன் படிக்க ஆசைப்படுறேன்னு பேராசிரியர் கேட்டாரு. உங்க தங்கச்சி, 'எனக்கு ஆசை இல்லைங்க சார். எங்கக்காவுக்குத்தான் ஆசை. வெளிய மரத்தடியில உக்காந்திருக்கா, கூப்பிடட்டுமா'ன்னு கேட்டுட்டா."

காதெல்லாம் சுட்டது. மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

"சின்னப்பிள்ளை, பயத்துல ஒளறிருக்கா" என்றேன்.

"பயந்த மாதிரி தெரியலைங்க. ரொம்பத் தெளிவாப் பேசினா." நஸ்ரின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க எந்த வருசம் முடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். போன்ல நீங்களே ஒருநாள் சொன்னீங்க. இந்த வருசம்தான் உங்களுக்குக் கடைசி. விண்ணப்பம் மாசக் கடைசி வரைக்கும் தொறந்திருக்கு."

நான் வேலைக்குப் போகிறவள், என் பேரில் வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெனியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

பஸ் ஆழியாறு தாண்டியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன். என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்றேன். ஊருக்கு முன்னால் என்னைக் கேலிப்பொருளாக்கிவிட்டாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஜன்னல் எந்தப் பக்கம் தொறக்கும்னு கேட்டியேக்கா. அது எனக்காகவா?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 16

பெனியோடு பேசுவதில்லை. அவள் வழக்கம்போல என் தட்டில் சோறு போட்டுவைக்கிறாள்.

ஏப்ரல் 20

ஈஸ்டர். விடியற்காலப் பூசை. மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அப்பாவின் கல்லறைமேல் பெனி பூவை வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் கூட்டத்தில் பிடிப்பதுபோல. நான் கையை விலக்கவில்லை.

ஏப்ரல் 26

வால்பாறை டவுனில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பெனியும் வந்தாள். கடைக்காரர், "யாருக்குமா அப்ளிகேஷன்?" என்று கேட்டார்.

"இவளுக்குத்தான்" என்றாள் பெனி. "நான் கூட வந்தவ."

போட்டு மட்டும் வைத்திருக்கிறேன். கிடைக்கப்போவதில்லை. கிடைத்தாலும் போகப்போவதில்லை.

மே 17

எனக்கு நேர்காணல். அம்மாவிடம் பல்வலி, கோவையில் காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அம்மா எந்தப் பல் என்று கேட்கவில்லை. அவளுடைய நல்ல சேலையை எடுத்து வெளியே வைத்திருந்தாள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கேட்டார்: "அஞ்சு வருசம் படிப்பை விட்டுட்டீங்க. திரும்பவும் நாள் பூரா வகுப்புல உட்கார முடியுமா உங்களால?"

"அஞ்சு வருசமா நின்னுக்கிட்டேதான் சார் இருக்கேன். உட்காரச் சொன்னா உட்காருவேன்."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதன் பிறகு பயம் போய்விட்டது. மழையைப் பற்றிக் கேட்டார்கள், மண்சரிவைப் பற்றிக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் ஓரத்தில் இருந்த பெண் பேராசிரியர், "இங்க வந்து என்ன செய்யணும்னு ஆசை?" என்று கேட்டார். நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்காரவேண்டும் என்று சொல்ல வந்தது. வேறு ஏதோ சொன்னேன்.

ஜூன் 2

கிடைத்துவிட்டது.

நஸ்ரினே போன் செய்து சொன்னார். நான் காட்டில் இருந்தேன். கொழுந்துப் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே கேட்டேன். "ரொம்ப நன்றிங்க, ஆனா என்னால வர முடியாது" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. பிறகு, "ஏழாம் தேதி வரைக்கும் உங்க எடத்தை வெச்சிருக்கச் சொல்றேன்" என்றார்.

அம்மாவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நானும் போனால் வீடு போகும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. சொல்லிவிட்டது நிம்மதியாக இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் என்ன பறித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முற்றின இலையும் குச்சியுமாகப் பையில் கிடந்தது. எடைபோடும் இடத்தில் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு என்னாச்சு இன்னைக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

ஜூன் 3

பெனி, தன் பேரை எஸ்டேட்டில் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். பதினெட்டு நிறைந்துவிட்டதாம், நர்சிங் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமாம். "நீ போ. வீட்டுக்கு நான் இருக்கேன்."

அறைந்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவளை நான் அடித்ததில்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 4

வேலை முடிந்து வந்தபோது அம்மா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"ஆபீசுல சொல்லிட்டேன். மாசக் கடைசியில வீட்டை ஒப்படைக்கிறோம்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன். யாரைக் கேட்டுச் சொன்னாய், எங்கே போய் இருப்பாய், பிச்சையா எடுப்பாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் கருவாட்டின் தலையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப்போட்டாள்.

"பெனி நர்சிங் படிக்கப்போற எடத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் பாக்கச் சொல்லியிருக்கேன். பொள்ளாச்சியில. வேலை முடிஞ்சு எனக்கு வர்ற பணம் இருக்கு. அவளும் நானும் இருந்துக்குவோம்."

"அம்மா, இது அப்பா பொறந்த வீடும்மா."

"தெரியும். நான் கல்யாணம் பண்ணி வந்த வீடு. நீங்க ரெண்டு பேரும் பொறந்த வீடு." அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "இந்த வீடு சும்மாவா இருந்துச்சு நமக்கு? ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளைக் குடுத்துத்தான் இருந்திருக்கோம். ஒங்க தாத்தாவைக் குடுத்தோம், ஒங்கப்பாவைக் குடுத்தோம், நானும் இருந்தேன். உன்னையும் குடுத்துட்டேன், அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல. இப்ப இவளும் வந்து நிக்கிறா. போதும்டி."

அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஒனக்குப் பல்லுவலி இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, "போ, போயி அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. எடத்தை வேற யாருக்காச்சும் குடுத்துறப்போறாங்க" என்றாள்.

இரண்டு தடவை நம்பர் தப்பாக விழுந்தது. பெனி வாங்கிப் போட்டுக்கொடுத்தாள்.

ஜூன் 28

வீட்டைக் காலிசெய்தோம். லாரி பாடிவரை வராது. மழையில் சாமான்களைத் தலையில் சுமந்து ரோடுவரை கொண்டுபோனோம். பக்கத்து வீடுகளில் எல்லோரும் வந்து ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். அம்மா கடைசியாக வீட்டைப் பெருக்கினாள். சாவியை ஆபீஸ் கிளார்க்கிடம் நான் கொடுக்கிறேன் என்றேன், அவள் விடவில்லை. கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். லாரியில் ஏறியபின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை என்று தேடினாள். இரண்டும் காலில்தான் இருந்தன.

ஜூலை 13

ஹாஸ்டல். எங்கள் அறை கிழக்குப் பக்கம்.

ஜூலை 21

வகுப்பில் எல்லோரும் பதினெட்டு வயது. என்னை அக்கா என்கிறார்கள். பேராசிரியர் பேசுவதில் பாதி புரிகிறது. மீதிக்கு நூலகத்தில் உட்கார்கிறேன். நீள மேசையில் எனக்கென்று ஒரு இடம் பழகிவிட்டது. இன்று பகலில் அங்கேயே புத்தகத்தின்மேல் தூங்கிப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மட்டும் இருந்தேன். யாரும் எழுப்பவில்லை.

ஆகஸ்ட் 8

மலைப்பயிர்கள் பற்றிய பாடம். திரையில் தேயிலைத் தோட்டத்தின் படத்தைக் காட்டினார்கள். பச்சைப் போர்வை மாதிரி மலை, நடுவில் பெண்கள். "செமையா இருக்குல்ல" என்றான் முன்பெஞ்சுக்காரன். நான் அந்தப் பெண்களின் முகங்களைத் தேடினேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பேராசிரியர் அடுத்த படத்துக்குப் போனபிறகும் என் கண் அங்கேயே இருந்தது. குளிருகிற மாதிரி இருந்தது. வெளியே நல்ல வெயில்.

வருவதற்கு எவ்வளவு ஏங்கினேன். இப்போது காலையில் கண்விழித்ததும் பனியைத் தேடுகிறேன். யாரிடம் இதைச் சொல்வது? கேட்டு வாங்கிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

செப்டம்பர் 5

முதல் தேர்வில் தேறிவிட்டேன். அதிக மார்க் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "பெருசா ஒண்ணும் வேணாம், தேறுனா போதும்" என்றாள். பின்னால் லாரி சத்தம் கேட்டது. "ரூமுக்கு வெளியவே ரோடு. எந்நேரமும் ஓடுது" என்றாள்.

அக்டோபர் 18

தீபாவளி விடுமுறைக்குப் பொள்ளாச்சி வந்தேன்.

ஒரே அறை. மேலே ஒரு மொட்டைமாடி. பெனி வெள்ளைச் சட்டையில் ஆள் மாறிவிட்டாள், நிமிர்ந்து நடக்கிறாள். ஊசி போடும்போது குழந்தைகள் அழாமலிருக்க என்ன செய்யவேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். நான் அவளுக்குப் பிடிக்காத ஒன்றில் அவளைத் தள்ளப்பார்த்ததைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அம்மா இளைத்திருக்கிறாள். "இங்க வேலையே இல்லடி. எல்லாம் சமதரை. எவ்வளவு நடந்தாலும் நடந்த மாதிரியே இல்ல" என்றாள்.

அவள் கடைக்குப் போயிருந்தபோது பெனி சொன்னாள்: "அம்மா மேல போயிட்டு வர்றா, தெரியுமா? நான் டூட்டிக்குப் போனதும் வால்பாறை பஸ் ஏறி, டவுன்ல எறங்கி, ஒரு டீயைக் குடிச்சிட்டு, அடுத்த பஸ்ல திரும்பி வந்துர்றா. டிக்கெட்டு கூடையில கெடந்துச்சு. நான் கேட்டுக்கல."

"பாடிக்குப் போறாளா?"

"போன மாதிரி தெரியல. போயிருந்தா யாராச்சும் எனக்குப் போன் பண்ணியிருப்பாங்க."

அக்டோபர் 21

காலையில் அம்மா தலைசீவிக்கொண்டிருந்தபோது, "நானும் வரேம்மா" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

வளைவுகள் ஏற ஏற மழை தூறியது. அம்மா ஜன்னல் கண்ணாடியைத் திறந்தே வைத்திருந்தாள். முன்சீட்டுக்காரர் மூடச் சொன்னார், அவள் கேட்கவில்லை. டவுனில் இறங்கியதும் வழக்கமான டீக்கடைப் பக்கம் திரும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து எஸ்டேட் பஸ்ஸில் ஏற்றினேன்.

பாடியில் நல்ல சேறு. எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் வேறு செருப்புகள் கிடந்தன. கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அம்மா எட்டியே நின்றாள். "பாத்தாச்சுல்ல, போலாம்" என்றாள்.

அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. எனக்கு அவளைத் தெரியும், பூல்மணி, ஜார்க்கண்ட்காரி. ஆறாம் நம்பர் காட்டில் பக்கத்து நிரையில் பாடிக்கொண்டே பறிப்பவள். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் போலிருக்கிறது, நெற்றியில் ஈரத்துணி; அதனால்தான் அவள் வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அம்மாவைப் பார்த்தாள். யாரென்று புரிந்துகொண்டுவிட்டாள்.

"வா, வா. உக்காரு" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அம்மா தன் வீட்டுக்குள் விருந்தாளியாகப் போய், பாயில் விளிம்போடு உட்கார்ந்தாள். பூல்மணி கறுப்பு டீ போட்டுக் கொடுத்தாள். நாங்கள் மேரி மாதா படம் மாட்டியிருந்த இடத்தில் அவளும் ஏதோ படம் மாட்டியிருந்தாள். மழை வலுத்தது.

அம்மாவுக்குத் திடீரென்று என்னவோ ஞாபகம் வந்து, டீயைக் கீழே வைத்தாள். "ஏம்மா, உள்ரூம்ல மேக்கு மூலையில ஒழுகும். ஓடு மாத்துனாலும் நிக்காது. பாத்திரம் வைக்கணும்" என்று கையால் காட்டிச் சொன்னாள். பூல்மணி என்னைப் பார்த்தாள். தெரிந்த அரைகுறை இந்தியில், "பானி... பானி" என்று, தண்ணீர் சொட்டுவதாக மேலே கையைக் காட்டினேன்.

பூல்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனாள். அதே மூலையில் ஒரு அலுமினியச் சட்டி இருந்தது. சொட்டு அதன் விளிம்பில் பட்டுத் தரையிலும் தெறித்துக்கொண்டிருந்தது. அம்மா குனிந்து சட்டியைச் சுவர்ப்பக்கமாகச் சற்றுத் தள்ளிவைத்தாள். அடுத்த சொட்டு நேராக நடுவில் விழுந்தது. பூல்மணி தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அந்தக் குழந்தையை வாங்கி, நெற்றியில் கைவைத்துப் பார்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சைகையில் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று நினைத்து நான் அவளைப் பார்க்காமல் வந்தேன். கடைசி வளைவு தாண்டி, சமதரை வந்ததும்தான் பேசினாள்.

"சுத்தமா வெச்சிருக்கா, பாவம்."

"ஆமாம்மா."

"நீ நாளைக்கு எப்பக் கெளம்பணும்?"

"காலையிலேயே. மத்தியானம் வகுப்பு இருக்கு."

"அப்ப வீட்டுக்குப் போனதும் மொதல்ல மாவாட்டணும்" என்றாள்.

இத்தனை மாதத்தில் அந்த அறையை அவள் வீடு என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.